பலகைக்கும் அண்டை உண்டு

பெயர்ப்பலகைகளைத் தனித்தனியே படமெடுத்து எண்ணுவது மொழி நிலக்காட்சி ஆய்வின் வழக்கம். எண்ணிக்கை கிடைக்கிறது, அண்டைத் தொடர்பு தொலைகிறது. புத்தலப்பட்டு போன்ற எல்லைப்புற ஊரில் ஒரு தமிழ்ப் பலகையை இருபுறமுள்ள தெலுங்குப் பலகைகளோடு சேர்த்தே படிக்க வேண்டும். இல்லையேல் அது வெறும் விழுக்காடாகச் சுருங்கும்.

1982இல் ஹாங்காங்கில் பிறந்த ஹோல்கா வரிசையின் ‘120 பேன்’, பிளாஸ்டிக் பொம்மைக் கேமரா. ஒரு 120 சுருளில் 6×12 செ.மீ. அளவில் ஆறே படங்கள். கைப்பேசியின் அகலப்படம் பல கணங்களின் ஒட்டு. இது ஒரே கணம். ஓரங்களில் எழுத்து மங்கும் என்பதால் வாசிப்புக்குக் கைப்பேசிப் படமும் வேண்டும். ஆயினும் அந்த ஆறு என்னும் வரம்பு, தெருவின் எப்பகுதி ஓர் அலகு என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வைக்கிறது.

சொல்லைத் தொடரில் வைத்தே பொருள் காணும் நாம், பலகையை மட்டும் தெருவிலிருந்து பெயர்த்தெடுப்பது முறையா?