புத்தகத்துக்கு வால் எதற்கு?

2021ம் வருஷத்தில் தமிழ்நாட்டுப் பாடப் புத்தகங்களில் ஆசிரியர்களின் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த ஜாதிப் பட்டங்களை நீக்கி அச்சிட்டார்கள். உ.வே. சாமிநாதய்யர் என்பது உ.வே. சாமிநாதர் என்றும், மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்பது மீனாட்சி சுந்தரனார் என்றும் ஆயிற்று. உடனே ஒரு கூட்டத்தார், அடையாளம் போய்விட்டதே, இனி எந்தப் புத்தகம் யாருடையதென்று எப்படித் தெரியும் என்று ஒப்பாரி வைத்தார்கள். அவ்வொப்பாரி இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஆகவே ஜாதி வாலுக்கு அடையாளம் காட்டும் யோக்கியதை உண்டா என்பதைச் சற்றுப் பரிசோதிப்போம்.

தோழர்களே! "பிள்ளை" என்னும் ஒரே வாலை எடுத்துக்கொண்டு, அவ்வால் தாங்கிய புத்தகங்களை ஓர் அலமாரியில் அடுக்கிப் பாருங்கள். முதலில் வருவது ஆனந்தரங்கம் பிள்ளையின் நாட்குறிப்பு. பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேயிடம் துபாஷாயிருந்த அவர், 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் கண்டதையும் கேட்டதையும் எழுதிவைத்தது அது. அடுத்தது, மாயூரத்தில் முன்சீபாயிருந்த வேதநாயகம் பிள்ளை 1879ல் வெளியிட்ட பிரதாப முதலியார் சரித்திரம். தமிழின் முதல் நாவல் என்று சொல்லப்படுவது, எழுதியவரோ கிறிஸ்தவர். பிள்ளை எழுதினது முதலியார் கதை! அதற்குப் பக்கத்தில், பனியன் என்ற இங்கிலீஷ்காரரின் கதையைத் தழுவிக் கிருஷ்ணபிள்ளை பாடிய கிறிஸ்தவக் காவியமாகிய இரட்சணிய யாத்திரிகம். அதை இடித்துக்கொண்டு நிற்பவை மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஊரூராய்ப் பாடிய தலபுராணங்கள்.

இன்னும் பாருங்கள். யாழ்ப்பாணத்துத் தாமோதரம் பிள்ளை ஏட்டிலிருந்து மீட்டு 1887ல் அச்சேற்றிய கலித்தொகை ஒன்று. ஆலப்புழையில் பிறந்த சுந்தரம் பிள்ளையின் 1891ம் வருஷத்து நாடகமாகிய மனோன்மணீயம் ஒன்று. அதே ஆலப்புழைப் பக்கத்தில் பிறந்த தகழி சிவசங்கரப் பிள்ளை, மலம் அள்ளுவோரைப் பற்றி மலையாளத்தில் எழுதி 1947ல் வெளிவந்த தோட்டியின் மகன் ஒன்று. தன் நாஞ்சில் நாட்டு வேளாளர்களின் மருமக்கள் தாயத்தையே சந்தி சிரிக்கவைத்த தேசிகவிநாயகம் பிள்ளையின் மருமக்கள் வழி மான்மியம் இன்னொன்று.

இப்பொழுது சொல்லுங்கள்: இத்தனை புத்தகங்களைப்பற்றி அந்த வால் உங்களுக்கு என்ன சொல்லிற்று? மதத்தைச் சொல்லிற்றா? சைவமும் கிறிஸ்தவமும் ஒரே தட்டில் கிடக்கின்றன. பாஷையைச் சொல்லிற்றா? தமிழும் மலையாளமும் கலந்து கிடக்கின்றன. கருத்தைச் சொல்லிற்றா? புராணம் பாடினவரும், பெண் கல்வி வேண்டுமென்ற வேதநாயகரும் ஒரே வால்காரர்கள். சரி, ஜாதியையாவது ஒழுங்காய்ச் சொல்லிற்றா என்றால், அதுவும் இல்லை. ஆனந்தரங்கர் யாதவர், வேதநாயகர் வேளாளர், தகழி நாயர்! ஜாதியைக் காட்டவே பிறந்த வாலுக்கு அந்த ஒரு வேலையும் செய்யத் தெரியவில்லை.

பின்னை ஜனங்கள் இவர்களை எப்படித்தான் அடையாளம் கண்டுகொள்ளுகிறார்கள்? மாயூரம் என்றும் தகழி என்றும் ஊரால் அறிகிறார்கள். மனோன்மணீயம் என்று புத்தகத்தால் அறிகிறார்கள். சி.வை.தா., வ.உ.சி. என்று முதலெழுத்தால் அறிகிறார்கள். கவிமணி என்று திறமையால் அறிகிறார்கள். வாலால் மட்டும் ஒருவரும் அறிவதில்லை. "பிள்ளை எழுதின புத்தகம் கொடு" என்று புத்தகக் கடையில் கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் சிரிப்பார்.

அப்படியானால் இந்த வால் எதற்காக இருந்தது? புத்தகத்தை அறிவதற்கல்ல; எழுதினவரைத் திண்ணையில் உட்காரவைப்பதா, தெருவிலேயே நிறுத்துவதா என்று தெரிந்துகொள்வதற்காகத்தான். அந்த அலமாரியை மறுபடியும் உற்றுப் பாருங்கள். அங்கே தோட்டியின் மகனைப்பற்றிய புத்தகம் இருக்கிறது. தோட்டியின் மகன் எழுதிய புத்தகம் இல்லை. அவனுக்கு வாலும் கொடுக்கவில்லை, எழுத்தும் கொடுக்கவில்லை. 1907ல் சென்னையில் "ஒரு பைசாத் தமிழன்" பத்திரிகையைத் தொடங்கிய அயோத்திதாசர், எந்த ஜாதி வாலும் இல்லாமல் பண்டிதரென்றே அறியப்பட்டார். வாலில்லாததால் அவர் எழுத்தில் என்ன குறைந்துவிட்டது?

நிற்க, வாலை நீக்குவது சரித்திரத்தை அழிப்பதாகும் என்கிறார்கள். பழைய பதிப்புகளை ஒருவரும் கொளுத்திவிடவில்லை. ஆராய்ச்சிக்காரர் அவற்றைத் தாராளமாய்ப் புரட்டட்டும். பள்ளிக்கூடத்துக் குழந்தைக்கு வேண்டியது பாட்டின் பொருளேயன்றிப் பாடினவரின் ஜாதியல்ல. அப்படியானால் இட ஒதுக்கீட்டுக்கு ஜாதிச் சான்றிதழ் ஏன் என்றும் கேட்பார்கள். சான்றிதழ், நோயாளி மருந்து வாங்கக் கொண்டுபோகும் சீட்டு. வாலோ, நோயையே நகையென்று அணிந்து திரிவது. இரண்டும் எப்படி ஒன்றாகும்?

ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டிப் பக்கத்துத் தோழர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ரயிலில் ஏறித் தடாவில் இறங்கினால், அங்கே தெலுங்கர் தம் பெயருக்கு முன்னால் வீட்டுப் பெயரை வைக்கிறார்கள். இந்தப் பக்கம் நாம் தகப்பனார் பெயரின் முதலெழுத்தை வைக்கிறோம். இரண்டாலும் ஆளைத் தெரிந்துகொள்ள முடிகிறது. ஜாதி வால் இரண்டுக்கும் அவசியமில்லை. ஆனால் அங்கேயும் ரெட்டி, நாயுடு என்ற வால்கள் ஆடிக்கொண்டுதான் இருக்கின்றன.

1929ல் செங்கல்பட்டுச் சுயமரியாதை மகாநாட்டில் ஜாதிப் பட்டங்களை விட்டொழிப்பதென்று தீர்மானித்தார்கள். மற்ற மாகாணத்தார் வியக்கும்படி அது இந்நாட்டில் பெரும்பாலும் நிறைவேறியும் விட்டது. இன்றைய அபாயம் வேறு வழியில் வருகிறது. தொழிற்சாலை மனுவிலும் பாஸ்போர்ட்டிலும் "சர்நேம்" என்றொரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டம் காலியாயிருக்கிறதே என்று பாட்டன் அறுத்தெறிந்த வாலைப் பேரன் தேடி எடுத்து ஒட்டிக்கொள்ளுகிறான். அந்தக் கட்டத்தில் தாய் பெயரையோ தகப்பன் பெயரையோ எழுதுங்கள்; ஊர்ப் பெயரை வேண்டுமானாலும் எழுதுங்கள். ஜாதியை மாத்திரம் எழுதாதீர்கள். நூறு புத்தகங்களுக்கு அடையாளமாக முடியாத வால், உங்கள் குழந்தைக்கு மட்டும் என்ன அடையாளம் தந்துவிடப்போகிறது?