மஞ்சளுக்கு முன்னே ஒரு ஊசி: பெங்களூரில் தொடங்கும் இயக்கத்தின் கொள்கைப் பிரகடனம்

முதல் பிள்ளை நல்லபடியாகப் பிறக்கிறது. அடுத்தது வயிற்றிலேயே போகிறது, அல்லது மஞ்சள் பூத்துப் பிறந்து மூன்றாம் நாள் போகிறது. மருமகள் ராசியில்லாதவள் என்று பழி விழுகிறது. அந்தப் பழியை ஒழிக்கவே கூடியிருக்கிறோம்.

காரணம் ரத்தப் பிரிவு: தாய்க்கு ஆர்எச் நெகட்டிவ், பிள்ளைக்குத் தகப்பன் வழியில் பாசிட்டிவ். பிரசவத்தில் பிள்ளையின் ரத்தம் ஒரு துளி தாயிடம் கலந்தால், அவள் உடல் அதற்கு எதிர்ப்பொருள் செய்து வைத்துக்கொள்கிறது. அடுத்த கருவும் பாசிட்டிவ் என்றால் அது அந்தக் கருவின் சிவப்பணுக்களை உடைக்கிறது. ரத்தம் வற்றுகிறது, மஞ்சள் மூளைக்கு ஏறினால் காதும் கைகாலும் போகும்.

இதைத் தடுக்கும் ஆன்டி-டி ஊசி 1968 முதலே உலகில் புழங்குகிறது. கர்ப்பத்தின் 28ஆம் வாரத்தில் ஒன்று. பிள்ளை பாசிட்டிவ் என்றால் பிறந்த 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. எதிர்ப்பொருள் உருவான பிறகு அந்த ஊசியால் பயனில்லை. இந்தியாவில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் நெகட்டிவ், அதனாலேயே அலட்சியம்.

எங்கள் கோரிக்கை: கர்நாடகத்தில் கர்ப்பிணிக்குத் தரும் தாயி கார்டில் ‘நெகட்டிவ்’ என்பதைச் சிவப்பு மையில் எழுதுங்கள். பக்கத்திலேயே கணவன் ரத்தப் பிரிவும் தாயிடம் எதிர்ப்பொருள் உண்டா என்று பார்க்கும் மறைமுக கூம்ப்ஸ் சோதனை முடிவும் இருக்கட்டும். பிரசவம் பார்க்கும் எந்த அரசு மருத்துவமனையும் ‘ஊசியை வெளியில் வாங்கி வா’ என்று சீட்டு நீட்டக் கூடாது. தினக்கூலிக்காரனுக்குச் சில ஆயிரம் ரூபாய் சின்னத் தொகையா?

இன்னொன்றை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கரு கலைந்ததும் கலைத்ததும் இந்தக் கணக்கில் சேரும், அப்போதும் ரத்தம் கலக்கலாம். 12 வாரத்துக்கு மேல் என்றால் ஊசி கட்டாயம். அதற்கு முன் என்றால் மருத்துவர் முடிவு செய்யட்டும். ஆனால் யாருக்கும் தெரியாமல் கலைத்துக்கொண்டவள், மாமியார் பக்கத்தில் நிற்கும்போது அதைச் சொல்வாளா? உறவினரை வெளியே அனுப்பிவிட்டு, தமிழோ கன்னடமோ உருதுவோ, அவள் மொழியில் கேளுங்கள்.

எதிர்ப்பொருள் உண்டாகிவிட்டவளையும் கைவிட மாட்டோம். கருவுக்கு வயிற்றிலேயே ரத்தம் ஏற்றலாம் என்று 1963இல் நியூசிலாந்து மருத்துவர் லைலி காட்டிவிட்டார். இந்த நகரத்திலும் அதைச் செய்யும் நிபுணர்கள் உண்டு. அதற்கு ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டும். தானத்துக்கு முன்னுதாரணம் உண்டு: ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் 1,173 முறை தானம் கொடுத்தார். அவருடைய பிளாஸ்மாவிலிருந்து ஆன்டி-டி மருந்து எடுத்தார்கள். நம்மவர் கூப்பிட்டபோது வந்தால் போதும்.

பிறந்த முதல் 24 மணி நேரத்தில் மஞ்சள் தெரிந்தால் வெயிலில் காட்டிக்கொண்டிருக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கர்ப்பிணி இருக்கும் வீட்டார் இன்றே தாயி கார்டை எடுத்து ரத்தப் பிரிவைப் பாருங்கள். நெகட்டிவ் என்றிருந்தால் அடுத்த பரிசோதனையில் ஊசியைப் பற்றி நீங்களே கேளுங்கள்.