வேனுக்கு வெளியே ஆண் பூட்ஸ்

நியூசிலாந்தில், 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி, உள்ளூராட்சி தடை விதிக்காத பொது இடங்களில் கடலைப் பார்த்தபடி வண்டியிலேயே இரவு தங்கலாம். 2023இல் வந்த திருத்தம், வண்டிக்குள் பொருத்திய கழிப்பறையைப் பொது விதியாக்கியது. நல்லதுதான், இருட்டில் புதர் தேடி அலைவது பெண்களுக்குத்தானே பெரும்பாடு.

சட்டம் ஆண்துணை கேட்கவில்லை. அறிவுரைதான் கேட்கிறது. தனியாக வேனில் போகும் பெண்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் யோசனை இது: பெரிய அளவு ஆண் பூட்ஸ் ஒரு ஜோடியைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுத் தூங்கு. ஆள் வேண்டாம், அவன் காலணி போதுமாம்!

பயம் பொய்யல்ல. வைக்கிறவளையும் நான் குறைசொல்லவில்லை. ஆனால் நள்ளிரவில் கதவைத் தட்டுகிறவன் பெண்ணின் மறுப்புக்கு அடங்கமாட்டான், இன்னொரு ஆணின் பூட்ஸுக்கு அடங்குவான் என்ற கணக்கைப் பாதுகாப்புக் குறிப்பு என்று ஏன் கற்றுத்தருகிறோம்? தட்டுகிறவனுக்கு எழுதிய குறிப்பு எங்கே?