பூக்கும் நேரத்தைப் பாருங்கள்

பழவேற்காட்டு ஏரிக்கரையில் பேச்செல்லாம் மீன்பாடுதான். சற்று மேற்கே, பொன்னேரி வட்டார வயல்களில் பேச்சு வேறு: பதர்.

சித்திரையில் விதைத்த சொர்ணவாரிப் பருவ நெல், ஆனி வெயிலில் பூக்கிறது. நெற்பூ முற்பகலில் திறந்து, ஒரு மணி நேரம்போல இருந்துவிட்டு மூடிக்கொள்ளும். அந்நேரம் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மகரந்தப் பை சரியாக வெடிக்காது, மகரந்தம் சூல்முடியில் விழாது, மணி பிடிக்காது. கோடையில் கடற்காற்று பெரும்பாலும் நண்பகலுக்குப் பிறகே எட்டிப் பார்க்கிறது. ஆளுக்கு இதம், பூவுக்கோ வேலை முடிந்துவிட்டது!

இரவுப் புழுக்கமும் லேசல்ல. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் 1992-2003 கணக்குப்படி, வறண்ட பருவத்தில் இரவு வெப்பம் 1 டிகிரி கூடினால் விளைச்சல் 10 சதவீதம் சரிந்தது.

வழி இல்லாமல் இல்லை. உத்தரப் பிரதேசத்தின் நகினா 22 ரகம் பூக்கும்போது வெப்பம் தாங்கும். ஒரைசா அஃபிசினாலிஸ் என்ற காட்டு நெல்லின், அதிகாலையிலேயே பூக்கும் குணத்தை விஞ்ஞானிகள் வளர்ப்பு நெல்லுக்குக் கடத்தியிருக்கிறார்கள்.

திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம், பொன்னேரி உள்ள இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. சொர்ணவாரிக்கென, வெயில் ஏறுமுன் பூக்கும் ரகத்தை உருவாக்க அரசு அதற்குத் தனி நிதி ஒதுக்க வேண்டும்.