கவர்னர் போட்ட கையெழுத்து

கேமன் தீவுகள்னா நமக்கு வரி ஏய்ப்பு மட்டும்தானே ஞாபகம் வரும்? பிரிட்டனுக்குக் கட்டுப்பட்ட அந்தத் தீவுகளில் 2020 ஜூலையில், ஒருபால் இணையருக்குச் சட்டப் பாதுகாப்பு தரும் மசோதா சட்டசபையில் 9-8 என்று தோற்றது. பாதுகாப்பு தந்தே ஆகணும்னு மேல்முறையீட்டு நீதிமன்றம் முந்தின வருஷமே சொல்லியிருந்தது. செப்டம்பரில் கவர்னர், அரசியலமைப்பின் 81-ஆம் பிரிவைப் பயன்படுத்தி, சபையைத் தாண்டியே சட்டத்தைக் கொண்டுவந்துட்டார்.

நல்ல சட்டம்தான், நானும் கை தட்டுவேன். ஆனா அவருக்கு ஓட்டுப் போட்டது யார்? லண்டன் அனுப்பின ஆள். நாளைக்கு ஒரு மோசமான சட்டத்துக்கும் அதே பேனா போதுமே! அந்த டிசம்பர்ல சட்டசபைக்குப் 'பாராளுமன்றம்'னு பேரை மாத்தினாங்க. பேரை விடுங்க, கடைசி வார்த்தை யாரோடதுங்கிறதுதான் என் கேள்வி. அது தேர்ந்தெடுத்தவங்களோடதா இருக்கணும். அவங்க உரிமையை மறுத்தா கோர்ட் கேட்கட்டும்.

கவர்னரை மட்டும் திட்டவும் மனசு வரலை. ஒரே ஒருத்தர் ஓட்டை மாத்திப் போட்டிருந்தா, அவர் 81-ஐத் தொட்டிருக்கவே வேண்டாம்.