ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தமிழ்நாட்டு வீடுகளில் ஒரு விசாரணை நடக்கும். கரண்ட் பில் வந்த அன்று! குற்றவாளிகள் யார் என்பது முன்பே முடிவாகிவிட்ட விசாரணை. பாத்ரூம் லைட்டை அணைக்க மறந்த பையன், செல்போன் சார்ஜரை பிளக்கிலேயே விட்டுவிட்ட பெண், பட்டப்பகலில் லைட் போட்டுப் பேப்பர் படித்த தாத்தா. தீர்ப்பு சொல்கிறவர் பெரும்பாலும் ஏசி ரூமில் தூங்குகிறவர் :-)

இதற்குப் பெயர் சிக்கனமாம். இல்லை. அளக்காமல் செய்வது சிக்கனமே இல்லை. வீட்டில் யாரால் எதிர்த்துப் பேச முடியாதோ, அவர் தலையில் பில்லைக் கட்டும் ஏற்பாடு அது.

கணக்கு ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. ஆயிரம் வாட் பொருள் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பில் காலம் 60 நாள் என்று வைத்துக்கொள்வோம்.

* 9 வாட் எல்.இ.டி. பல்பு, தினம் 5 மணி நேரம்: 2.7 யூனிட்
* போனை மாட்டாமல் பிளக்கில் சும்மா கிடக்கும் சார்ஜர், 0.1 வாட், 24 மணி நேரமும்: 0.15 யூனிட்கூட இல்லை
* 10 வாட் இழுக்கும் செட்டாப் பாக்ஸ், டிவியை அணைத்த பிறகும் இரவு பகலாக: 14.4 யூனிட்
* 2000 வாட் கீசர், தினம் அரை மணி நேரம்: 60 யூனிட்
* 75 வாட் பழைய சீலிங் ஃபேன், தினம் 15 மணி நேரம்: 67.5 யூனிட்
* ஏசி, மணிக்கு ஒரு யூனிட் வீதம் தினம் 8 மணி நேரம்: 480 யூனிட்

ஏசி ஓடும் ஒரே ஓர் இரவு, தாத்தாவின் பல்பு ஏறக்குறைய ஆறு மாதம் எரிவதற்குச் சமம். ஆனால் திட்டு வாங்குகிறவர் தாத்தா!

பெரியவர்கள் பல்பைப் பிடித்துக்கொண்டதற்கும் ஒரு காரணம் உண்டு. அந்தக் காலத்துக் குண்டு பல்பு 60 வாட், 100 வாட். அதை அணைப்பதில் அர்த்தம் இருந்தது. பல்பு மாறிவிட்டது, திட்டு மட்டும் மாறவில்லை.

"சிறுதுளி பெருவெள்ளம் தெரியுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. தெரியும். ஆனால் எது துளி, எது வெள்ளம் என்று பார்க்க வேண்டாமா? மேல்தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருக்கும்போது, டம்ளரில் மிச்சம் வைத்த தண்ணீருக்காகச் சண்டை போடுவது என்ன நியாயம்?

சரி, பணத்துக்கு வருவோம். நம் ஊர்க் கட்டணம் படிக்கட்டு மாதிரி. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி 500 யூனிட்டுக்கு பில் 1725 ரூபாய். 501 யூனிட்டுக்கு? 1958 ரூபாய்! 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்களுக்குக் கிடைத்த பாதி விலைச் சலுகை போய்விட்டது. அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். 2024 ஜூலையில் கட்டணம் மறுபடி ஏறியது. 500-ல் இருந்த இந்தப் பள்ளம் மட்டும் அப்போதும் மூடப்படவில்லை.

இப்போது 540 யூனிட் ஓடும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அங்கே 75 வாட் ஃபேன் மூன்று, தினம் 15 மணி நேரம் சுற்றுகின்றன. அவற்றை 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன்களாக மாற்றினால் 120 யூனிட் குறையும். அதே 2022 கட்டணத்தில் 540 யூனிட்டுக்கு 2270 ரூபாய், 420 யூனிட்டுக்கு 1245 ரூபாய். ஒரு பில்லில் 1025 ரூபாய் மிச்சம். யாரும் இருட்டில் உட்கார வேண்டாம், யாரும் வியர்க்க வேண்டாம்.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. மொத்தச் செலவு மட்டும் தெரிந்து, எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்று தெரியாத முதலாளி என்ன செய்வார்? ஆபீஸ் பையன் குடிக்கும் டீயைக் குறைப்பார். காஸ்ட் அக்கவுண்டிங் என்ற பாடமே இதற்காகத்தானே இருக்கிறது?

"பொருளின் மேலேயே வாட் போட்டிருக்கிறதே, பெருக்கினால் போதாதா?" போதாது. பல்புக்குச் சரி. ஃபிரிட்ஜ், ஏசி, அயர்ன் பாக்ஸ் எல்லாம் விட்டு விட்டு இழுப்பவை. பழைய பெட்டி ரெகுலேட்டரில் ஃபேன் வேகத்தைக் குறைத்தால், குறைவதில் ஒரு பங்கு ரெகுலேட்டரிலேயே சூடாகப் போய்விடும். எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரில் அப்படி இல்லை. பார்த்துச் சொல்ல முடியாது, அளந்தால்தான் தெரியும்.

ஸ்டார் லேபிள்? நல்ல விஷயம், 2006 முதல் இருக்கிறது. ஆனால் ஏசி லேபிளில் இருக்கும் வருட யூனிட், 1600 மணி நேரம் ஓடும் என்று வைத்துப் போட்ட கணக்கு. தினம் 8 மணி நேரம் வருடம் முழுக்க ஓட்டுகிற வீட்டில் அது 2920 மணி நேரம். கடையில் இரண்டு ஏசியை ஒப்பிட லேபிள் போதும், உங்கள் வீட்டு பில்லை அது சொல்லாது.

அளப்பதற்குச் செலவா? பிளக்குக்கும் பொருளுக்கும் நடுவில் சொருகும் சின்ன மீட்டர் கடைகளில் கிடைக்கிறது. (ஏசிக்கும் கீசருக்கும் 16 ஆம்பியர் தாங்குவதாகப் பார்த்து வாங்க வேண்டும்.) ஃபிரிட்ஜுக்கு அதை 24 மணி நேரம் மாட்டி வைத்தால் உண்மை வந்துவிடும்.

அதுவும் வேண்டாமா? வீட்டு வாசலில் மின்வாரியமே ஒன்றை மாட்டியிருக்கிறது. டிஜிட்டல் மீட்டரில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். எத்தனை மினுக்கலுக்கு ஒரு யூனிட் என்பது மீட்டர் முகப்பிலேயே அச்சாகியிருக்கும். 3200 என்று இருந்தால் கணக்கு சுலபம். ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் உட்பட எல்லாவற்றையும் ஐந்து நிமிடம் அணைத்துவிட்டு ஒரே ஒரு பொருளை மட்டும் போட வேண்டும். ஒரு மினுக்கலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் எத்தனை விநாடி? 1125-ஐ அதனால் வகுத்தால் வாட். 15 விநாடிக்கு ஒரு தடவை மினுக்கினால் 75 வாட். 9 வாட் பல்புக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஏசியைப் போட்டால் ஏறக்குறைய விநாடிக்கு ஒரு தடவை அடிக்கும். பில்லைப் பார்த்துக் கத்துகிறவர் அந்த விளக்குக்கு முன்னால் ஒரு தடவை நின்றால் போதும்.

நாலு பேர் சேர்ந்து வீடு எடுத்துத் தங்குகிற பசங்களுக்கும் இதே சங்கதிதான். ஒரு ரூமில் ஏசி, ஹாலில் படுக்கிறவனுக்கு ஃபேன். பில் வந்தால் சரிபாதி! கேட்டால் நட்பு கெட்டுவிடுமாம். ஹாலில் படுக்கிறவன் ஒவ்வொரு பில்லிலும் அடுத்தவன் குளிருக்குப் பணம் கட்டுவதுதான் நட்பா? ஏசிக்கு ஒரு சப் மீட்டர் போட்டால் சண்டையும் இல்லை, சங்கடமும் இல்லை.

ஏசி போடுவது பாவம் என்று யாரும் சொல்லவில்லை. மே மாதச் சென்னையில் அப்படிச் சொல்ல மனசும் வராது. போடுகிறவர் அதன் கணக்கையும் ஏற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்ன ஊர் இது. பழியையாவது அளந்து போடக் கூடாதா?