கணினியின் நாடியைப் பார்க்கும் உரிமை யாருக்கு?

2025 மார்ச் மாதம், விண்டோஸ் கணினிகளைப் பயன்படுத்துவோரில் ஒரு பகுதியினரின் திரையில் எதிர்பாராத எச்சரிக்கை ஒன்று தோன்றியது. கணினியோடு சேர்ந்தே வரும் பாதுகாப்பு மென்பொருளான மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர், 'வின்ரிங்0' என்ற ஆபத்தான கோப்பைக் கண்டுபிடித்துத் தனிமைப்படுத்தியிருப்பதாக அறிவித்தது. பதறிப்போய்த் தேடியவர்களுக்கு வியப்பு காத்திருந்தது. அந்தக் கோப்பைக் கொண்டுவந்தது வைரஸ் அல்ல. அவர்களே விரும்பி நிறுவிக்கொண்ட கண்காணிப்பு மென்பொருள்கள். கணினியின் வெப்பநிலையைக் காட்டும் லிப்ரே ஹார்டுவேர் மானிட்டர், விசிறியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஃபேன் கன்ட்ரோல், விளக்குகளை இயக்கும் ஓப்பன்ஆர்ஜிபி ஆகியவை அவற்றுள் சில. காய்ச்சலை அளக்கும் வெப்பமானியே தொற்றைப் பரப்பக்கூடும் என்று மருத்துவமனை அறிவித்ததுபோல் ஆயிற்று.

செய்தி ஊடகங்களின் தொழில்நுட்பப் பக்கங்களில் சில நாள் பேசப்பட்டு மறைந்துபோன நிகழ்வு இது. ஆனால், நம் வீட்டிலும் அலுவலகத்திலும் இயங்கும் இயந்திரத்தின் உடல்நிலையை அறிந்துகொள்ளும் உரிமை யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியை இதைவிடத் தெளிவாக எழுப்பிய நிகழ்வு அண்மைக்காலத்தில் வேறில்லை என்று கருதுகிறேன்.

நடந்ததைப் புரிந்துகொள்ள, கணினியின் அமைப்பைச் சற்று உள்ளே சென்று பார்க்க வேண்டும். இன்றைய செயலிகள் ஒவ்வொன்றிலும் வெப்பநிலை உணரிகள் இருக்கின்றன. மதர்போர்டில் இருக்கும் தனிச் சில்லு ஒன்று விசிறியின் சுழற்சியையும் மின்னழுத்தத்தையும் அளக்கிறது. இந்த எண்கள் இயந்திரத்துக்குள் எப்போதும் இருப்பவை. ஆனால், நாம் திறந்து பயன்படுத்தும் சாதாரண மென்பொருளால் அவற்றை எட்ட முடியாது. செயலியில் அதிகார அடுக்குகள் உண்டு. இணைய உலாவியும் கணக்குப் பதிவு மென்பொருளும் வெளி அடுக்கில் இயங்குகின்றன. 'ரிங் 0' எனப்படும் உள் அடுக்கில் இயங்குதளத்தின் உட்கருவும், வன்பொருளோடு நேரடியாகப் பேசும் டிரைவர்களும் மட்டுமே இயங்கலாம். வெப்பநிலையைப் படிக்க விரும்பும் மென்பொருள், உள்ளே சென்று எண்ணை எடுத்துவர ஒரு டிரைவரை வைத்திருக்க வேண்டும்.

வின்ரிங்0 அத்தகைய ஒரு தூதுவன். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற புகழ்பெற்ற வட்டுப் பரிசோதனை மென்பொருளை எழுதிய ஜப்பானிய நிரலாளர் நொரியுக்கி மியாசாகி உருவாக்கியது. திறந்த மூல நிரலாகவும் முறையான கையொப்பம் பெற்றதாகவும் இருந்ததால், பல ஆண்டுகளாக எண்ணற்ற மென்பொருள்கள் இதைத் தம்முள் இணைத்துக்கொண்டன. சிக்கல் என்னவென்றால், இந்தத் தூதுவன் தன்னை அனுப்பியவர் யார் என்று கேட்பதில்லை. வெப்பநிலையைக் கேட்டாலும் கொடுப்பான். கணினி நினைவகத்தின் எந்தப் பகுதியைக் கேட்டாலும் கொடுப்பான். 2020இல் இந்த ஓட்டை சிவிஇ-2020-14979 என்ற எண்ணில் அதிகாரபூர்வமாகப் பதிவானது. 2024 நவம்பரில் காஸ்பர்ஸ்கை நிறுவனம் அம்பலப்படுத்திய 'ஸ்டீல்ஃபாக்ஸ்' என்ற தீம்பொருள், இதே டிரைவரைப் பயன்படுத்தித்தான் கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்றியது. கட்டண மென்பொருள்களை இலவசமாக இயக்கித்தரும் 'கிராக்' வேடத்தில் பரவிய அதன் பாதிப்பு இந்தியாவிலும் இலங்கையிலும் பதிவாகியிருந்தது.

ஆகவே, மைக்ரோசாஃப்ட் அந்த டிரைவரைத் தடுத்தது தொழில்நுட்ப நோக்கில் சரியே. பூட்டில்லாத கதவை நல்லவர்களும் பயன்படுத்துகிறார்கள் என்பதற்காகத் திறந்தே வைத்திருக்க முடியாது. ஓட்டை அறியப்பட்டு ஏறத்தாழ 5 ஆண்டுகள் கழித்தே நடவடிக்கை வந்தது என்பதுதான் குறை.

என் மறுப்பு வேறிடத்தில் இருக்கிறது. பழைய டிரைவர் ஆபத்தானது என்றால் புதியதை எழுதலாமே என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எழுதுவதற்கு ஆள் உண்டு. அதை விண்டோஸ் ஏற்றுக்கொள்ள வைப்பதுதான் கடினம். 2016இல் வெளியான விண்டோஸ் 10 பதிப்பு முதல், உட்கருவில் இயங்கும் புதிய டிரைவர்கள் மைக்ரோசாஃப்டின் கையொப்பத்தைப் பெற்றாக வேண்டும். அந்த வாசலுக்குள் நுழையவே உயர்தரச் சான்றிதழ் ஒன்று தேவை. அதற்கு ஆண்டுதோறும் சில நூறு டாலர் செலவாகும். பெரும்பாலும் பதிவுபெற்ற நிறுவனங்களுக்கே அது வழங்கப்படுகிறது. ஓய்வு நேரத்தில், ஊதியமின்றி, மாலையிலும் விடுமுறையிலும் நிரல் எழுதும் தனி மனிதருக்கு இது எட்டாக்கனி. உலகெங்கும் பயன்படும் ஒரு கருவியின் பராமரிப்பாளர் பல நேரங்களில் ஒரே ஒருவர்தான். அவருக்குத் தொழில்நுட்ப உதவி மையம் கிடையாது. அவரே உதவி மையம். எச்சரிக்கை தோன்றிய நாளில் 'நீங்கள் எங்கள் கணினிக்கு வைரஸ் அனுப்பினீர்களா?' என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தவரும் அவரே.

பின்னர் பான்ஐஓ என்ற மாற்று டிரைவர் கைகொடுத்தது. கேட்டதையெல்லாம் கொடுக்காமல், முன்கூட்டியே அனுமதிக்கப்பட்ட சிறு பணிகளை மட்டும் செய்யும் கட்டுப்பாடான தூதுவன் அது. லிப்ரே ஹார்டுவேர் மானிட்டர் அதற்கு மாறிவிட்டது. இதை உருவாக்கித் தந்தது மைக்ரோசாஃப்டோ, இன்டெலோ, மதர்போர்டு தயாரிப்பாளர்களோ அல்லர். இன்னொரு தனிப்பட்ட நிரலாளர். லினக்ஸில் இந்தச் சிக்கல் இந்த அளவுக்கு எழாமல் இருப்பதன் காரணம் எளியது. வெப்பநிலையைப் படிக்கும் டிரைவர்கள் அங்கே இயங்குதளத்தின் உட்கருவிலேயே இடம்பெற்று, பலரால் பொதுவில் சோதிக்கப்படுகின்றன. விண்டோஸிலும் இதைச் செய்வதற்குத் தொழில்நுட்பத் தடை ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை.

வெப்பநிலை தெரியாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். 2025 ஜனவரியில் ஜெர்மனியின் ஹைசே ஊடக நிறுவனம் வெளிக்கொண்டுவந்த மோசடியை இதற்கு விடையாகச் சொல்வேன். சீகேட் நிறுவனத்தின் 'எக்ஸோஸ்' வகை வன்தட்டுகளைப் புதியவை என்று நம்பி முழு விலை கொடுத்து வாங்கிய பலரிடம் இருந்தவை உண்மையில் பழையவை. ஒவ்வொரு வன்தட்டும் தான் எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை பகுதிகள் பழுதாயின என்பன போன்ற விவரங்களை 'ஸ்மார்ட்' என்ற பதிவேட்டில் குறித்துக்கொண்டே வரும். மோசடிக்காரர்கள் அந்தப் பதிவேட்டைப் பூஜ்யத்துக்குத் திருப்பியிருந்தனர். பழைய காரின் கிலோமீட்டர் மீட்டரைத் திருப்பிவைத்து விற்கும் அதே வித்தை.

அவர்கள் தொடாமல் விட்ட இடம் ஒன்று இருந்தது. சீகேட் தன் வன்தட்டுகளில் 'ஃபார்ம்' என்ற இன்னொரு பதிவையும் வைத்திருக்கிறது. அதைப் படித்தபோது சில தட்டுகள் 15,000 மணி நேரமும் சில 50,000 மணி நேரமும் ஓடியிருப்பது தெரிந்தது. ஓராண்டுக்கு 8,760 மணி நேரம்தான். அப்படியென்றால் ஐந்தரை ஆண்டுகளுக்கு மேல் இடைவிடாது உழைத்த தட்டு, உறை பிரிக்காத புதுப் பொருளாகக் கைமாறியிருக்கிறது. 'சியா' என்ற மெய்நிகர் நாணயத்துக்காகச் சீனாவில் ஓடிக் களைத்த தட்டுகளாக இவை இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் மலேசியாவில் கோலாலம்பூருக்கு வெளியே ஒரு கிடங்கில் நடந்த சோதனையில் சுமார் 700 வன்தட்டுகள் பிடிபட்டன.

சாதாரண வாடிக்கையாளர் இதைக் கண்டுபிடிக்க முடிந்தது எப்படி? சீகேட்டின் சொந்தக் கருவியோடு, ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவசத் திறந்த மூல மென்பொருளும் 'ஃபார்ம்' பதிவைப் படிக்க வல்லது. 2002இல் அதைத் தொடங்கிய புரூஸ் ஆலன் கணினி வணிகர் அல்லர். ஈர்ப்பலைகளை ஆராயும் இயற்பியலாளர். பதிவைப் படிக்கும் வழி பொதுவில் இல்லாமல் இருந்திருந்தால், இந்த மோசடி தட்டுகள் ஒவ்வொன்றாகச் சாகும்வரை வெளிவந்திருக்காது. சென்னை ரிச்சி தெருவில் பழைய மடிக்கணினி வாங்கப் போகிறவர், பேட்டரியும் வன்தட்டும் எவ்வளவு தேய்ந்தவை என்பதை விற்பவரின் வாய்ச்சொல்லை விட்டால் இத்தகைய இலவசக் கருவிகளின் வழியேதான் அறிய முடியும். (இந்தக் கருவிகளும் தீர்க்கதரிசிகள் அல்ல. கூகுள் 2007இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்தபோது, செயலிழந்தவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை ஸ்மார்ட் பதிவில் எந்த அறிகுறியும் காட்டாமலே போயிருந்தன. தரவுகளுக்கு மறுபடி எடுத்து வைத்துக்கொள்வதற்கு மாற்று இல்லை.)

உண்மையான பரிசோதனை எட்டாத இடத்தில் போலிப் பரிசோதனை வந்து அமர்ந்துகொள்ளும். அமெரிக்காவின் பெரும் விற்பனைச் சங்கிலியான ஆஃபீஸ் டிப்போ, தன் கடைகளில் வாடிக்கையாளரின் கணினியை இலவசமாகச் சோதித்துத் தந்தது. சோதனை தொடங்கும் முன் நான்கு கேள்விகள் கேட்கப்படும்: கணினி மெதுவாக இயங்குகிறதா என்பது போன்றவை. ஒன்றுக்கு ஆம் என்று குறியிட்டாலும் போதும். தீம்பொருளின் அறிகுறி இருப்பதாக முடிவு வந்துவிடும். கணினியை ஸ்கேன் செய்ததற்கும் அந்த முடிவுக்கும் தொடர்பே இல்லை. அதைக் காட்டி நூற்றுக்கணக்கான டாலர் மதிப்புள்ள பழுதுநீக்கும் சேவை விற்கப்பட்டது. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் தொடுத்த வழக்கில், 2019 மார்ச்சில் அந்த நிறுவனமும் மென்பொருளை வழங்கிய சப்போர்ட்.காம் நிறுவனமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன.

இதன் மலிவான வடிவத்துக்கு இந்தியாவே பேர்போனது என்பது நமக்குப் பெருமை தருவதன்று. தொலைபேசியில் அழைத்து, விண்டோஸில் உள்ள 'ஈவென்ட் வியூவர்' பதிவைத் திறக்கச் சொல்வார்கள். நன்றாக இயங்கும் கணினியிலும் அங்கே சிவப்புக் குறிகளும் மஞ்சள் குறிகளும் நிறைந்திருக்கும். 'பார்த்தீர்களா, உங்கள் கணினி சாகப்போகிறது' என்று சொல்லிப் பணம் பறிப்பார்கள். 2023 அக்டோபரில் சிபிஐ 'ஆபரேஷன் சக்ரா-2' என்ற பெயரில் 76 இடங்களில் நடத்திய சோதனைகளில், மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்களின் புகார்களின் பேரில் பதிவான இத்தகைய வழக்குகளும் அடக்கம். தொழில்நுட்ப உதவி என்ற பெயரிலான மோசடிகளால் 2023இல் மட்டும் 90 கோடி டாலருக்கு மேல் இழப்பு என்று அமெரிக்காவின் எஃப்பிஐ கணக்கிட்டிருக்கிறது. இழந்தவர்களில் முதியோரே அதிகம். ஏமாற்றுபவரின் மூலதனம் ஒன்றுதான்: தன் இயந்திரத்தின் மொழி உரிமையாளருக்குப் புரியாது என்ற உறுதி.

பெருநிறுவனங்களே வழங்கும் பரிசோதனையும் எப்போதும் உரிமையாளரின் பக்கம் நிற்பதில்லை. 2021 ஜூனில் விண்டோஸ் 11 அறிவிக்கப்பட்டபோது, மைக்ரோசாஃப்ட் தந்த 'பிசி ஹெல்த் செக்' என்ற மென்பொருள் பல நல்ல கணினிகளைத் தகுதியற்றவை என்று அறிவித்தது. ஏன் என்று முதலில் சொல்லவே இல்லை. எதிர்ப்புக்குப் பிறகு அதைத் திரும்பப் பெற்று, காரணத்தைச் சொல்லும் வகையில் மாற்றி வெளியிட்டார்கள். பெயரில் 'உடல்நலம்' இருந்தாலும் அது அளந்தது உடல்நலத்தை அல்ல. பாதுகாப்புச் சில்லும் செயலியின் தலைமுறையும் புதிய விதிக்குப் பொருந்துகின்றனவா என்பதை மட்டுமே. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிவடைந்த நிலையில், தூக்கி எறியலாமா வேண்டாமா என்ற தராசில் நிற்கும் கணினிகளுக்கு இந்த வேறுபாடு முக்கியமானது. விசிறியும் வன்தட்டும் பேட்டரியும் நல்ல நிலையில் உள்ள கணினியில் லினக்ஸை நிறுவி இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம். அதை முடிவுசெய்ய நம்பத்தக்க அளவீடு வேண்டும்.

இந்தியாவில் பழுதுபார்க்கும் உரிமை குறித்த பேச்சு சில ஆண்டுகளாக நடக்கிறது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளம் தொடங்கியது. பழுதுபார்ப்புக் குறியீடு ஒன்றை வகுப்பதற்கான குழு 2025 மே மாதம் அறிக்கை அளித்தது. கழற்றுவதன் எளிமை, உதிரி பாகங்கள், கருவிகள், பழுதுபார்ப்புத் தகவல், மென்பொருள் புதுப்பிப்பு ஆகியவற்றைக் கொண்டு மதிப்பெண் இடலாம் என்கிறது அது. வரவேற்கத்தக்கதுதான். ஆனால் கவனம் முதலில் ஸ்மார்ட்போன், டேப்லெட் மீதே இருக்கிறது. மேலும், தன் பொருளின் உள் அளவீடுகளைப் படிக்கும் உரிமை அங்கே தனி அளவுகோலாக இல்லை. திருகாணியைக் கழற்றும் உரிமை தந்துவிட்டு, எதைக் கழற்ற வேண்டும் என்று அறியும் வழியைத் தராமல் விடுவது பாதி உரிமை.

ஐரோப்பிய ஒன்றியம் இதில் ஓர் அடி முன்னே சென்றிருக்கிறது. 2025 ஜூன் 20 முதல் அங்கே சந்தைக்கு வரும் ஸ்மார்ட்போன்களில் பேட்டரி தயாரான நாள், முதலில் பயன்படுத்திய நாள், எத்தனை முறை முழுதாக மின்னேறியது, மீதமிருக்கும் திறன் ஆகியவற்றைப் பயனருக்குக் காட்டியாக வேண்டும். இது தயாரிப்பாளரின் தயவு அல்ல, சட்டம். இந்தியக் குறியீடு மடிக்கணினிகளுக்கு நீட்டிக்கப்படும்போது இந்த நான்கு விவரங்களோடு வன்தட்டு ஓடிய மணி நேரம், செயலியின் வெப்பநிலை, விசிறியின் வேகம் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். அவற்றைப் படிக்கும் பாதுகாப்பான டிரைவரை இயங்குதளத்தோடு சேர்த்தே வழங்குமாறும், உணரிகளின் தொழில்நுட்பக் குறிப்பை வெளியிடுமாறும் நிறுவனங்களைக் கேட்க வேண்டும். இவற்றைச் செய்யும் நிறுவனத்துக்குக் கூடுதல் மதிப்பெண் என்று அறிவித்தாலே போதும், முதல் கட்டத்துக்கு. அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் கணினி வாங்கும் ஒப்பந்தப்புள்ளிகளில் இதே நிபந்தனையைச் சேர்க்க, அந்தக் குறியீடு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.